ஆறு குப்பிகள்

காரைக்கால்

மதிப்புக்குரிய டாக்டர் அல்வாரோ மொராலெஸ் அவர்களுக்கு,

கனடாவில், கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நீங்கள் செய்த வேலை, அரசலாறு கடலில் சேரும் எங்கள் ஊர்வரை வந்த கதையைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் அப்பா ஐம்பது வருடம் பீடி குடித்தவர். ஒருநாள் காலையில் சிறுநீர் ரத்தமாகப் போனது. வலி இல்லை. வலி இல்லை என்பதாலேயே ‘சூடு’ என்று இளநீரும் வெந்தயமுமாக இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டோம். (எங்கள் பக்கம் உடம்புக்கு எது வந்தாலும் சூடுதான்.) கடைசியில் பார்த்தால் சிறுநீர்ப்பைக்குள் புற்றுக்கட்டி. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் மறுபடி முளைக்கிற ரகம் என்றார் டாக்டர். வாரம் ஒன்றாக ஆறு வாரம் பி.சி.ஜி. ஏற்ற வேண்டும்.

“புள்ளைங்களுக்குக் கையில குத்துறதா?” என்று கேட்டார் அப்பா. அதே கிருமிதான், அளவு மட்டும் பல மடங்கு. லீல் நகரத்தில் கால்மெத், கெரேன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 13 வருடம் வளர்த்து வளர்த்து வீரியம் குறைத்த மாட்டுக் காசநோய்க் கிருமி என்று விளக்கினேன். அப்பா 1954-க்கு முன்னால், காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது பிறந்தவர். “பிரெஞ்சுக்காரன் மருந்தா? அப்ப நம்மூரு மருந்துதான்” என்று முடித்துவிட்டார்.

சிகிச்சை புதுச்சேரியில். விடியற்காலை பஸ் ஏறி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் போவோம். மருந்தை உள்ளே விட்டதும் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். மருந்து எல்லாப் பக்கமும் படும்படி புரண்டு புரண்டு படுக்க வேண்டும். “தோசை மாதிரி திருப்பிப் போடுறாங்கடா” என்பார். உயிருள்ள கிருமி என்பதால், அடுத்த ஆறு மணி நேரம் கழிக்கும் சிறுநீரில் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிவைத்துத்தான் தண்ணீர் விட வேண்டும். அந்த நிலையில் பஸ்ஸில் எப்படித் திரும்புவது? அத்தை வீட்டில் தங்கினோம். ஆறு வாரமும் முகம் சுளிக்காமல் வாளியும் ப்ளீச்சிங்குமாக நின்ற அத்தைக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

ஏன் ஆறு வாரம்? அப்பா ஒவ்வொரு வாரமும் கேட்டார். நானே தேடிப் படித்தேன். சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. ஏற்றியது பற்றி 1976-இல் வெளிவந்த உங்கள் கட்டுரையில் நோயாளிகள் 9 பேர். சிறுநீர்ப்பை ஒரு பை; ஊற்றிய மருந்து கட்டியைத் தொட்டுக்கொண்டே நிற்கும், அங்கே கிளம்பும் அழற்சி உடம்பின் காவல் அணுக்களைக் கூட்டிவரும் என்பது உங்கள் கணக்கு. கணக்கு பலித்தது. ஆனால் அந்த ஆறு? மாண்ட்ரியாலிலிருந்து வந்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன, அவ்வளவுதானாம்! அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கோ அதைப் படித்த பிறகுதான் உங்கள்மேல் மரியாதை கூடியது. எல்லாம் தெரிந்த பிறகுதான் தொடங்குவேன் என்று நீங்கள் உட்கார்ந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு என்ன வந்திருக்கும்?

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். சென்னை கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனையில் இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். உங்கள் கட்டுரை வந்து மூன்று வருடத்தில் அதன் முதல் முடிவு வெளியானது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. எங்கள் மண்ணில் அப்படித் தோற்ற மருந்துதான் அப்பாவின் சிறுநீர்ப்பையில் வேலை செய்தது. எல்லோருக்கும் இது கேட்பதில்லை என்பதும் தெரியும். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பையையே எடுக்க வேண்டி வந்தது. அவரை நினைத்தால் இந்த நன்றியைச் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. ஆனியில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. சுவாமி வீதியுலா வரும்போது மொட்டைமாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். அப்பா ஒரு கூடைப் பழத்தை யார் கையையும் பிடிக்காமல் மாடிக்குத் தூக்கிப் போனார். பாதிக் கூடை இறைத்ததும் நின்று, “அந்தக் கனடா டாக்டர் பேரு என்னடா?” என்று கேட்டார். சொன்னேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. “சரி, அவருக்கு” என்று ஒரு பழத்தைக் கூட்டத்துக்குள் எறிந்தார்.

அன்புடன்,
ஒரு மகன்