விரலில் சுற்றிய துணி

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில், வள்ளம் கிளம்புமுன் பெண்கள் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய சேலையைக் கிழித்த நாடா. ஒவ்வொரு விரலாகச் சுற்றி, கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குகிறார்கள். கடலடிப் பவளத்திட்டான பாரில் கல் கத்திபோல் அறுக்கும். சேலைமேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சுக்கருவி எதுவும் கிடையாது.

அவர்கள் எடுப்பது மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும். மரிக்கொழுந்திலிருந்து அகர் வருகிறது. ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்ப்பது அதில்தான். கட்டக்கோரையில் கிடைக்கும் ஆல்ஜினேட், துணிக்குச் சாயம் அச்சிட உதவுகிறது.

கரைக்கு அருகே ஒரு பாரில் அறுபதைத் தொட்ட ஓர் அம்மா மூழ்குவதைப் பார்த்தேன். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஆனாலும் கை தயங்கவில்லை. தடவியே இன்ன பாசி என்று கண்டுகொள்கிறார். மேலே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கொத்தின் நுனிப்பகுதி மட்டும் இருந்தது.

“அடியோட பிடுங்கிட்டா அடுத்த வாட்டி வந்து என்னத்தம்மா எடுக்கிறது?”

இந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடுகள் உண்டு. இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், மாதத்துக்கு 12 நாள்தான் கடலுக்குப் போவது. அந்த நாட்களில் நீர் நன்றாக வற்றும், பார் கைக்கெட்டும். மீதி நாட்களில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த ஊரைச் சேர்ந்த லட்சுமி, பாசி எடுக்கும் பெண்களை ஒன்றுதிரட்டியதற்காக 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருதைப் பெற்றார்.

அப்படிப்பட்டவர்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் தேசியப் பூங்காவாயின. நல்ல பாசி விளைவதும், எடுக்கத் தடை இருப்பதும் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான். பவளத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பாரைக் கையால் தொட்டு அறிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு அதைக் காக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

கரையில் பாசியை மணலில் பரப்பிக் காயவைத்து, கல்லும் சிப்பியும் பொறுக்கி எடுக்கிறார்கள். எடை போடும்போது ஈரத்துக்குக் கொஞ்சம், மணலுக்குக் கொஞ்சம் என்று வியாபாரி கழிக்கிறார். முன்பணம் வாங்கியிருப்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அரசாங்கத்திடம் என்ன கேட்பீர்கள் என்றேன். துணியைப் பிரித்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: “எங்க எடுக்கலாம், எத்தன நாள் எடுக்கலாம்னு எங்களையும் உக்கார வச்சுப் பேசி எழுதிக் குடுக்கட்டும். வனத்துறை போட்டு சத்தம் கேட்டாலே பதறி ஓடணும்கிற பொழப்பு மட்டும் வேணாம்மா.”