காதுக்குப் பண்ணது, வாய்க்குப் பண்ணது

கடை வாசலில் நாலு குழாய் ஸ்பீக்கர்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஈயம் உருகும் வாசனை. வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் சாலையில், கரிக்கலாம்பாக்கத்தில் இருக்கிற இந்த மைக் செட் கடைக்கு நான் வந்தது போன வாரத்துத் தோல்வி ஒன்றைச் சரிசெய்ய.

பக்கத்து ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து. கையடக்க ரெக்கார்டரோடு கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து பதிந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால், முகவீணைக்குப் பின்னால் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் விடாத இரைச்சல். ரெக்கார்டரின் மைக் துளைக்குப் பின்னால் இருக்கும் பெருக்கி மட்டமானது. அதன் லைன் துளை சுத்தமானதுதான், ஆனால் அதில் மைக்கை நேராகச் சொருகினால் எதுவும் கேட்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெருக்கி வேண்டும். என்னிடம் இருந்தது ஹெட்போன் ஆம்ப்ளி மட்டும். சூ மோய் என்பவர் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்து உலகெங்கும் பலர் மிட்டாய் டப்பாவுக்குள் கட்டிய வகை. ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். டப்பாவைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இது காதுக்குப் பண்ணது தம்பி. வாய்க்குப் பண்ணணும்னா உள்ள கை வெக்கணும்.”

அவர் சொன்னதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஹெட்போன் ஆம்ப்ளிக்குள் வருவது பாட்டுப் பெட்டி தரும் வலுவான சிக்னல். அதைப் 11 மடங்கு பெருக்கிக் காதுக்குத் தள்ளினால் அதன் வேலை முடிந்தது. மைக் தருவதோ சொற்பம். மேடைகளில் எங்கும் பார்க்கிற ஷூர் எஸ்.எம்.58 மைக், 94 டெசிபல் சத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட்தான் கொடுக்கும். பதினோரு மடங்கென்றால் 20 மில்லிவோல்ட். லைன் துளை எதிர்பார்ப்பது 300 மில்லிவோல்ட் அளவுக்கு.

பெருக்கத்தை முடிவுசெய்பவை இரண்டு ரெசிஸ்டர்கள்: ஒன்று 10 கிலோ ஓம், இன்னொன்று 1 கிலோ ஓம். சின்னதை உருவிவிட்டு 100 ஓம் வைத்தார். பெருக்கம் 101 மடங்கானது. “ரெசிஸ்டருக்கும் மூச்சு உண்டு. பெரிசா இருந்தா பெரிசா விடும்” என்றார். உண்மைதான். ஓம் குறையக் குறைய ரெசிஸ்டர் தானாக எழுப்பும் வெப்ப இரைச்சலும் குறையும். மைக் வரும் வழியில் இருந்த வால்யூம் திருகியையும் கழற்றி எறிந்தார்.

அப்புறம் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த 100 ஓமுக்குத் தொடர்ச்சியாக 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தார். பெருக்குகிற ஐ.சி.க்குள்ளேயே சின்னப் பிழை மின்னழுத்தம் உண்டு. இந்த ஓ.பி.ஏ. 2134-இல் அது அதிகபட்சம் 2 மில்லிவோல்ட். மைக்கோடு அதுவும் நூறு மடங்கானால் 0.2 வோல்ட். கெப்பாசிட்டர் இருந்தால் பிழை பெருகாது, பாட்டு மட்டும் பெருகும். இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். அவர் பள்ளிக்கூட வயதில் வயர் இழுக்க வந்து, வால்வு ஆம்ப்ளி காலத்திலிருந்து கையாலும் காதாலும் கற்றவர். எங்கள் விடை ஒன்றாக இருந்தது.

மூன்று முள் மைக் ஒயரில் ஒன்று தரை, மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான சிக்னல். ஹெட்போன் ஆம்ப்ளிக்கு இடது, வலது என்று இரண்டு வழி. ஒரு முள்ளை இடதுக்கும் இன்னொன்றை வலதுக்கும் கொடுத்துவிடலாம் என்றேன். பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால், நீள ஒயர் இழுத்துவரும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் முனகல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் அடிபட்டுப்போகும், குரல் நிற்கும். உஸ் சத்தம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. அவர் சற்று யோசித்தார். “அப்ப ரெண்டு பக்கமும் ஒரே அளவா பெருக்கணும்” என்று, மீட்டரை வைத்து ரெசிஸ்டர்களை ஜோடி பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆனது.

அன்று இரவு கூத்தில், பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு முன்னால் மைக்கைத் தொங்கவிட்டோம். பந்தல் கம்பில் ஏறிக் கட்டியது கடையில் வேலை பார்க்கும் பையன். ஆட்டக்காரரின் கிரீடம் இடிக்காத உயரம் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கட்டியங்காரன் வந்து முதல் அடியை எடுத்ததும் ஹெட்போனில் கேட்டேன். தூறல் இல்லை. மிருதங்கத்தின் தொப்பி தனியாக, முகவீணைக்காரர் மூச்சை இழுப்பது தனியாக. கூத்துக்காரர்களின் தொண்டை மைக் இல்லாத காலத்துப் பயிற்சியில் வந்த தொண்டை. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி முழுக் குரலில் பாடுகிறவர்களுக்கு நூறு மடங்கு தாராளமாகப் போதும். இந்த டப்பா அவர்களுக்குப் பொருந்தியதற்கு அதுதான் காரணம்.

மறுநாள் அதன் எல்லையும் தெரிந்தது. கடைக்காரரின் அம்மாவுக்கு நடவுப் பாட்டு தெரியும் என்றார்கள். திண்ணையில் உட்கார்ந்து, பேசுவதைவிட மெதுவான குரலில் பாடினார். ஒரு கை தூரத்தில் மைக்கைப் பிடித்தால் பெருக்கிய பிறகும் பத்து மில்லிவோல்ட்கூட வரவில்லை. இப்படிப்பட்ட குரலுக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கும் முறையான மைக் பெருக்கிதான் வேண்டும், இந்த டப்பா ஈடாகாது. ஆனால் தூரம் பாதியானால் ஒலியழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதற்குக் காசு வேண்டாம். அவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில், மைக்கின் மேல் வேட்டித் துணியைச் சுற்றிப் பிடித்தேன். என் கை வலிக்கும்வரை பாடினார், வலித்த பிறகும் பாடினார்.

கடைக்குத் திரும்பிப் போட்டுக் கேட்டோம். குரலுக்கு அடியில் லேசான உஸ் இருந்தது. கம்ப்யூட்டரில் அதைத் துடைத்துவிடலாம் என்றேன்.

“வேணாம் தம்பி. பாட்டுக்கு நடுவுல அம்மா மூச்சு வாங்குதே, அது அதோட போயிடும்.”

துடைத்துப் பார்த்தேன். போய்விட்டது. பழையபடி வைத்தேன். தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். ஏறி முடிந்ததும், நாற்று நடுகிற அந்தப் பாட்டை வாசலில் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த பையனுக்குப் போட்டுக் காட்டப் போனார்.