பால் கணக்கு நோட்டில் பிடிபட்ட கோளாறு

எங்கள் ஊர் பசுவந்தனை. கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு பக்கமும் கரிசல் காடுதான். மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, பருத்தி, பெய்யாவிட்டால் புழுதி. அந்தப் புழுதிக்கும் நான் சொல்லப் போகும் விஷயத்துக்கும்கூடக் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

உளுந்து விற்றதில் மிச்சம் பிடித்தும், சீட்டுப் பணத்தைச் சேர்த்தும் என் மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். காலேஜில் படிக்கிறான். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துத் தன் பீஸில் பாதியைத் தானே சம்பாதிக்கிறான். வேலை முடிந்ததும் அதிலேயே கேம் விளையாடுவான். அதற்கென்றே தனி கிராபிக்ஸ் கார்டு வைத்த பெட்டி. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. செலவைக் குறைக்க ஒன்றிரண்டு சாமான்களைப் பழசாக வாங்கிப் பொருத்தினான்.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் பிடித்தது சனியன்! கேம் ஆடிக் கொண்டிருக்கும்போதே திரை பட்டென்று இருண்டுவிடும். சில வினாடிகளில் கம்ப்யூட்டர் தானாகவே முதலிலிருந்து கிளம்பும். ஒருநாள் கல்யாண வீடியோ தயாராகிக் கொண்டிருக்கும்போதும் இப்படி ஆகி, மூன்று மணி நேர வேலை வீணாகப் போயிற்று.

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். "எந்நேரமும் கேம் ஆடுனா எந்த மிஷின்தான் தாங்கும்? வித்துப்போட்டு ஒழுங்காப் படிக்கச் சொல்லு."

"கேமால இல்லப்பா. நம்ம வீட்டுக் கரண்டு சரியில்ல" என்றான் இவன்.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் தட்டைத் தூக்கிக் கொண்டு திண்ணைக்கும், ஒருவன் மாடிக்கும் போனால் நடுவில் நிற்பவள் யார்? நான்தான். போதாததற்கு ஒரு கடையில், "மதர்போர்டை மாத்துங்க, பன்னிரண்டாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால், "எப்போ வருது? அதுக்கு முன்னால என்ன சாப்பிட்டான்?" என்று டாக்டர் கேட்பாரே, அது தெரியும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, மணி, அப்போது அவன் என்ன செய்தான், வீட்டில் வேறு என்ன ஓடியது என்று எழுத ஆரம்பித்தேன்.

முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அடேயப்பா! காற்றாடியிலும் அதன் அடியிலிருந்த அலுமினியத் தகடுகளிலும் கரிசல் புழுதி கம்பளிபோலப் படிந்திருந்தது. சூடு வெளியே போக வழியில்லாவிட்டால், உள்ளே எரிந்து போகாமலிருக்கக் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடுமாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, உலர்ந்த பெயிண்ட் பிரஷால் துடைத்தோம். கேம் ஆடும்போது 95 டிகிரி வரை போன சூடு 78-க்கு இறங்கியது. சந்தோஷப்பட்டோம். மறுநாள் சாயங்காலமே மறுபடியும் இருட்டு!

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் 'கெர்னல் பவர் 41' என்று விழுந்திருந்தது. முறைப்படி மூடாமல் கம்ப்யூட்டர் நின்று போய்விட்டது என்று மட்டுமே அதற்கு அர்த்தமாம். ஆள் விழுந்தார் என்று எழுதும். ஏன் விழுந்தார் என்று எழுதாது. தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியையும் மகன் நிறுத்திப் பார்த்தான். நீலத் திரையில் எழுத்து வந்தால் மெமரியையோ சாப்ட்வேரையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். எங்களுக்கு எழுத்தே வரவில்லை.

பத்து நாள் கழித்து நோட்டைப் பிரித்தேன். ஏழு தடவை அணைந்திருந்தது. ஒன்று, புழுதி துடைப்பதற்கு முன் மத்தியான வெயிலில். மற்ற ஆறும் நான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்ட நேரம்!

"ராசா, நீ கேம் போடு. நான் மோட்டார் போடுறேன்" என்றேன். முக்கியமானதையெல்லாம் முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்துக் கொண்டான். மூன்று தடவை செய்ததில் இரண்டு தடவை அணைந்தது. கேம் இல்லாமல் சும்மா இருந்தபோது மோட்டார் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

வயரிங் அண்ணாச்சி வந்து விளக்கினார். மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்குமாம். அப்போது வீட்டில் 230 வோல்ட் சட்டென்று குறையும். பல்பு மங்குவதை நாமும் பார்க்கிறோமே! கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அந்த இறக்கத்தைத் தாங்க வேண்டும். நல்ல பெட்டியே, முழுப் பாரத்தில் கரண்ட் அடியோடு நின்றால், ஒரு வினாடியில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு நேரம்தான் தாங்குமாம். எங்களுடையது பழசாக வாங்கியது. சும்மா இருக்கும்போது தாங்கியது. கேமின் பாரம் ஏறியதும் முடியவில்லை.

ஆகவே அப்பா சொன்னதும் பாதி சரி, மகன் சொன்னதும் பாதி சரி!

இரண்டையும் ஒரே நாளில் மாற்றவில்லை. முதலில், மோட்டாரோடு ஒரே மெல்லிய வயரில் இருந்த பிளக்குக்குத் தனி லைன் இழுத்தோம், எர்த்தோடு. அந்த வாரம் ஒரே ஒரு தடவைதான் அணைந்தது. அடுத்த வாரம் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புதிதாக 650 வாட்ஸில் மாற்றினோம். நான்கு மாதமாயிற்று, ஒரு தடவைகூட அணையவில்லை. மொத்தச் செலவு ஏழாயிரத்துக்குள். மதர்போர்டு அதே மதர்போர்டுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஆனால், வாங்குவதற்கு முன் எழுதிப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெட்டியைத் துடைக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள், ஈரத்துணி கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இப்போது மோட்டார் போட்டால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் இவர் சுவிட்சில் கையை வைத்துக் கொண்டு, "ஏலே, மோட்டார் போடட்டுமா?" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். "போடுங்கப்பா" என்று பதில் வருகிறது. அதைக் கேட்டபடியே நான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறேன்.