பெட்டியை மாற்றினால் மட்டும் போதாது

வெள்ளத்தில் நின்ற கார் உடனே சாவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை எர்ணாவூருக்குள் புகுந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை. மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்து சுவர், படகு, வலை எல்லாவற்றிலும் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அதில் நின்ற வண்டிகளைக் கழுவினார்கள், ஆயில் மாற்றினார்கள், சீட்டை வெயிலில் காயப்போட்டார்கள். வண்டிகளும் ஓடின. பல மாதம் கழித்து ஏதோ ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்கு மட்டும் எரியும். எஞ்சின் பேசாது.

அப்படிப்பட்ட வண்டிகளெல்லாம் கடைசியில் ஒரே ஆளிடம்தான் போகின்றன என்று காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் பார்க்கும் நண்பர் சொன்னார். "மெக்கானிக்னு சொல்ல முடியாது. கையில ஸ்பேனரே இருக்காது. வந்து பாருங்க."

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வால் பிடித்து நிற்க, அவற்றின் இடுக்கில் புகுந்து ஒரு சந்துக்குள் திரும்பினோம். தகரக் கூரை, முன்னால் வேப்பமரம், 'ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்று பெயின்ட் உரிந்த போர்டு. அதன் கீழே புதிதாக ஒட்டிய ஸ்டிக்கரில் 'ஸ்கேனிங், ஈசிஎம் ரிப்பேர்'. பேட்டையே வண்டிகளுக்குப் பழகியதுதான். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த கம்பெனிதான் பிறகு அசோக் லேலண்டாகி எண்ணூரில் லாரி செய்தது. அந்தக் காலத்து ஆஸ்டினில் பழுது என்றால் காது கொடுத்துக் கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது வண்டிக்குக் காது கொடுத்தால் பத்தாது, கம்பி கொடுக்க வேண்டும்.

மாஸ்டருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கடையில் நின்றது மஞ்சள் போர்டு போட்ட டீசல் டிசையர். அதன் டிரைவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். செகண்ட் ஹேண்டில் சல்லிசாக வாங்கியிருக்கிறார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று விற்றவன் சொல்லவில்லை. சீட் பெல்ட்டை அடிவரைக்கும் இழுத்துப் பார்த்த மாஸ்டர், சேற்றுக் கறையை அவருக்குக் காட்டினார். "இத்த மட்டும் எவனும் கழுவ மாட்டான் சார். பழைய வண்டி வாங்கச் சொல்ல முதல்ல இத்த இழுத்துப் பாருங்க." முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ்காரர்கள் ஒதுக்கிய வண்டிகளை ஏலத்தில் எடுத்து, வாசனை அடித்து, இப்படிப்பட்ட டிரைவர்கள் தலையில் கட்டுகிறவர்களைப் பற்றி அவர் சொன்னதில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது.

டிசையர் எஞ்சினுக்கு ஒரு கதை உண்டு. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் அது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று நாடு பூராவும் அதே எஞ்சின்தான் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனால் டாக்சி ஓட்டுகிறவர்கள் விடவில்லை. அதன் மூளையான ஈசிஎம் பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி. எவ்வளவு டீசல், எந்த நொடியில், எந்த சிலிண்டருக்கு என்பதெல்லாம் அதன் கணக்கு.

முதலில் பெட்டிதான் செத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டால் 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது. நமக்குப் பின்னால் வந்தது. ஸ்கேனரை அதில் சொருகியதும் திரையில் 'யூ0100' என்று வந்தது. எஞ்சின் பெட்டியோடு தொடர்பு இல்லை என்று மற்றப் பெட்டிகள் கொடுக்கும் புகார் அது. சாதாரண ஸ்கேனிங் கடைக்காரர் இதைப் பார்த்ததும் "ஈசிஎம் போச்சு" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். மாஸ்டர் ஸ்கேனரைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஆறாவது துளையிலும் பதினாலாவது துளையிலும் முள்ளை வைக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

"எவ்ளோ காட்டுது?"

"120."

"அறுவது காட்டணும்."

வண்டிக்குள் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு வயர்களில். கேன் என்று பெயர். 1986இல் பாஷ் கம்பெனி உலகத்துக்குக் காட்டியது. இரண்டு முனையிலும் ஆளுக்கு 120 ஓம் ரெசிஸ்டன்ஸ். இரண்டும் இணையாக இருப்பதால் நடுவில் அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அது வயரா, பெட்டியா? பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கம் தனியாக, பெட்டிப் பக்கம் தனியாக அளந்தார். வயர் நன்றாக இருந்தது. பெட்டிக்குள்தான் கோளாறு. அஞ்சு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் பெட்டியை மாற்றிவிட்டு, வயரில் இருந்த பழுது அப்படியே இருக்க, இரண்டாவது பெட்டிக்கும் காசு கறந்த கதைகள் இந்த வட்டாரத்தில் நிறைய.

ஹாட் ஏர் கன்னால் பெட்டியின் ஓரப் பசையை இளக்கி மூடியைத் திறந்தான் கடைத் தம்பி. உள்ளே கனெக்டர் ஊசிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அதன் மேல் பிசுபிசுவென்று கறுப்புப் படலம். மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் வாடை, இத்தனை நாளுக்குப் பிறகும். நல்ல தண்ணீர் என்றால் காயவைத்தால் பிழைக்கும். இங்கே உப்பும் எண்ணெயும் சேர்ந்து செம்புத் தடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. தம்பி டூத் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் தேய்த்தான். போர்டைப் பிழைக்கவைக்க இல்லை. அதிலிருந்து ஒரே ஒரு பொருளை உயிரோடு எடுக்க வேண்டும்: அரிசியை விடச் சற்றுப் பெரிய, எட்டுக் கால் வைத்த மெமரி சிப்.

காரணம் இதுதான். வண்டியின் சேசிஸ் எண், சாவிக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள ரகசியம், நான்கு இன்ஜெக்டர்களின் குறியீடு எல்லாம் பழைய பெட்டியின் நினைவில் இருக்கின்றன. பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இன்னொரு டிசையரின் பெட்டியை வாங்கிப் பொருத்தினால் அது இந்தச் சாவியைத் திருட்டுச் சாவி என்று நினைத்து எஞ்சினை அணைத்துவிடும். அந்தப் பூட்டு இருப்பது திருடனுக்குத்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். சாவி சம்பந்தமான வேலை என்றால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் மாஸ்டர் மூடியைத் திறப்பதில்லை. நகல்களை ஒரு ஃபைலில் கோர்த்து வைத்திருக்கிறார். போலீஸ்காரர் வந்து கேட்டால் எடுத்து நீட்டலாம்.

புதுப்பேட்டையிலிருந்து வந்த பெட்டியின் லேபிள் எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். ஒரே எஞ்சின், ஒரே மாதிரிப் பெட்டி, ஆனால் விஸ்டாவின் பெட்டி டிசையருக்கு ஆகாது. கடைசி இரண்டு எழுத்தில் வேறுபாடு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

அதற்குப் பிறகு வந்தது லேப்டாப். அதைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. மூடியில் தமிழ்நாடு அரசு முத்திரை. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவருடைய மகள் ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. அவள் இன்று ஐ.டி. கம்பெனியில் வேறு லேப்டாப்போடு இருக்கிறாள். இது அப்பாவிடம் வந்து விண்டோஸ் 7இலேயே நின்றுவிட்டது. ஒரு கீல் உடைந்து ரப்பர் பேண்டில் நிற்கிறது. இன்டர்நெட்டை இதன் கண்ணில் காட்டக் கூடாது. சாஃப்ட்வேரோடு வந்த ரீடர் சீனாவில் செய்த நகல். நெட்டில் இணைந்தால் ஒரிஜினல் கம்பெனி சர்வர் அதை அடையாளம் கண்டு சாகடித்துவிடும். அதனால் வைஃபை கார்டையே உள்ளிருந்து பிடுங்கி எறிந்துவிட்டார்.

அவர் தொழிலுக்கு வந்தது தண்டையார்பேட்டையில் செல்ஃப் மோட்டார், டைனமோ கட்டும் கடையில். பன்னிரண்டு வயதில் ஆர்மேச்சருக்குச் செம்புக் கம்பி சுற்றியவர். துறைமுகத்து லாரிகள் ராத்திரியில்தான் வரும். கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டே விடிந்துவிடும். கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தபோது கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஆட்டோ ஓட்டவும் வாட்ச்மேன் வேலைக்கும் போனார்கள். இவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து மெனுவில் எது எது என்று தமிழில் எழுதிக் கொடுத்தாளாம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: 'ரீட். சேவ். அப்புறம்தான் ரைட்.' சேவ் என்ற சொல்லுக்குக் கீழே மூன்று கோடு.

பழைய சிப்பைப் பெயர்த்து ரீடரில் வைத்துப் படித்தார். மறுபடி படித்தார். இரண்டு ஃபைலும் ஒன்றா என்று ஒப்பிட்டார். பென் டிரைவில் ஒரு நகல், மெமரி கார்டில் ஒரு நகல். புதுப்பேட்டைப் பெட்டியில் இருந்ததையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம்தான் எழுத ஆரம்பித்தார். இடையில் செக்சம் என்று ஒன்று வந்தது. அதை நான் பின்தொடரவில்லை.

எழுதும்போது கரன்ட் ஏறி இறங்கினால் பெட்டி செங்கல்தான். எர்ணாவூர் மின்சாரத்தை நம்பி அதில் இறங்க முடியாது. மேசைக்குக் கீழே கையகல டெர்மினலோடு ஒரு டிரெய்லர் பேட்டரி. 24 வோல்ட்டுக்கு இரண்டைச் சேர்த்துப் போடுவார்கள் இல்லையா, அதில் ஒன்று. முழுச் சார்ஜில் வைத்து, பெட்டிக்கு அதிலிருந்து நேராக வயர். ஃபேனை நிறுத்தச் சொன்னார். அது கரன்டுக்காக இல்லை, காற்றில் ஊசி வயர் ஆடக் கூடாது என்பதற்காக. திரையில் சதவீதம் ஊர்ந்தது. டிரைவர் பீடியைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டே நின்றார்.

பெட்டியைப் பொருத்திச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஆனால் தடதடவென்று. மாஸ்டருக்கு ஆச்சரியமில்லை. முன்பு யாரோ இரண்டு இன்ஜெக்டரை மாற்றிவிட்டுக் குறியீட்டைப் பதியவே இல்லை. ஒவ்வோர் இன்ஜெக்டரும் தயாரிப்பில் மயிரிழை வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தைத்தான் அதன் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கிறார்கள். தம்பி டார்ச் அடித்துப் படிக்க, மாஸ்டர் ஒவ்வொன்றாகத் தட்டினார். எட்டு என்ற எண்ணுக்கும் ஆங்கிலப் பி எழுத்துக்கும் ஒருமுறை சண்டை வந்தது. துணியால் துடைத்துப் பார்த்துத் தீர்த்தார்கள். நான்காவது குறியீடு ஏறியதும் சத்தம் அடங்கியது.

பில் போடும்போதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. பெட்டி விற்றவருக்குப் போனதில் கால்வாசிகூட மாஸ்டருக்கு இல்லை. இந்த டிசையராவது பரவாயில்லை, சிப்பை நேரடியாகப் படிக்கலாம். கொஞ்சம் புதிய வண்டி என்றால் பெட்டி ஒரு கேள்வி கேட்கும், அதற்குரிய விடை கம்பெனி சர்வரில்தான் இருக்கும். அந்த விடையை விற்க ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. முகம் தெரியாது, கடை கிடையாது. வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பினால், வண்டிக்கு இவ்வளவு என்று ஜிபேயில் வாங்கிக்கொண்டு வேறு ஃபைலைத் திருப்பி அனுப்புவார்கள். சரியாக வந்தால் அவர்கள் திறமை. பெட்டி செத்தால் மாஸ்டர் தப்பாக எழுதிவிட்டார். டிரைவர் சட்டையைப் பிடிப்பது மாஸ்டரைத்தான்.

இந்த இடைத்தரகர்கள் எங்கிருந்து முளைத்தார்கள்? நேர்வழியை அடைத்ததால்தான். இது என் புலம்பல் இல்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011இல் கொடுத்த புகாரின் பேரில், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை மட்டுமில்லை, பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததும் குற்றம் என்று சொன்னது அந்த ஆணை. பிறகு மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று வழக்கு இழுத்துக்கொண்டு போனது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். ஆனால் எர்ணாவூர் மாஸ்டர் கைக்கு நியாயமான விலையில் ஒரு சாஃப்ட்வேர் உரிமம் வந்து சேரவில்லை. வந்தது சீனத்து நகல்தான். காசு கொடுத்து முறையாக வாங்கத் தயாராக இருக்கிற ஆளைத் திருட்டுச் சாஃப்ட்வேருக்குத் தள்ளிவிட்டு, அப்புறம் அவரைப் பார்த்துத் திருடன் என்பது என்ன நியாயம்?

மாஸ்டருக்கு இவ்வளவு கோபம் இல்லை. நான் பேசி முடிக்கும்வரை கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய போர்டு தனக்கு வேண்டும் என்று டிரைவர் கேட்டார். எவனாவது காசுக்கு எடுப்பானாம். மெமரி சிப்பைத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டு போர்டை மட்டும் கொடுத்தார். "இந்த வண்டியோட ஜாதகம் இப்ப புதுப் பெட்டில இருக்குது. மூணாவதா ஒருத்தன் கைக்கு அது போவக் கூடாது நைனா."

அதற்குள் ஒரு டிரெய்லர் டிரைவர் சந்து முனையிலிருந்து நடந்து வந்தார். பிஎஸ்-6 வண்டி, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசலின் விளக்கு எரிகிறது, வேகம் ஏற மாட்டேன் என்கிறது, சரக்கோ துறைமுகத்துக்கு. யூரியாவையே கட் பண்ணிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்கள், மாஸ்டர் செய்வதில்லை. "புகையத் துன்னப் போறது நம்ம புள்ளைங்கதான்" என்றார். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு டிரெய்லர் வரைக்கும் போய்ச் சொருகிப் பார்த்தார். பழுது எதில் என்று தெரிந்தது: யூரியா அளந்து விடும் பம்ப். பம்பை அவரே மாற்றிவிடுவார். மாற்றியதைப் பெட்டிக்குச் சொல்லத்தான் கம்பெனி சாஃப்ட்வேர் வேண்டும்.

"அதுக்கு கம்பெனி ஒர்க் ஷாப்தான் போவணும்ணே. பம்ப் நான் போட்டுத் தரேன், கோடிங் மட்டும் அங்க பண்ணிக்க. பம்பும் அங்கியே மாத்தினாத்தான் கோடிங்னு சொல்லுவான், ஒத்துக்காத."