கோத்ரு

வரதய்யபாளையத்தைச் சேர்ந்த ஒருவர், 'கோத்ரு' என்னும் கணினி விளையாட்டைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. ஊரின் பெயரே நாவுக்கேற்பப் 'பாளையம்' என்றும் 'பாலெம்' என்றும் மாறும் எல்லைப்புறம் அது. மூன்று மொழி எழுத்துகளிலும் உள்ளிட்டுப் பார்த்தார். கிடைத்தவையெல்லாம் கோத்திரம் பார்த்து வரன் தேடும் திருமணத் தளங்கள்தாம்.

நினைவில் எஞ்சியவை சில: கரிய திரை, சிவப்புச் செங்கல், நீலக் கற்கள், ஒரு கோப்பை, ஒரு கதவு. இவற்றோடு அக்காவின் குரல். தட்டச்சும் கணினியும் கற்பித்த ஒரு சிறு மையத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், இருவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்து ஆடியிருக்கிறார்கள். கோப்பையை எடுத்தவுடன் திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் தோன்றும். ஐந்து வயது மூத்தவரான அக்கா அவற்றை எழுத்துக்கூட்டி, 'கோத்ரு' என்று வாசித்தார். கோயிலில் அர்ச்சகர் 'கோத்ரம்' கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகப் படவில்லை. பத்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. தம்பியின் படிப்பு தொடர்ந்தது. அக்கா தமக்குக் கற்பித்த முதல் ஆங்கிலச் சொல் என்றே அவர் அதைப் போற்றி வைத்திருந்தார்.

விடை கிடைத்தது தொழிற்சாலை உணவுக்கூடத்தில். பெயரை ஒதுக்கிவிட்டு, ஆட்டத்தில் என்ன செய்வார்கள் என்பதை விவரித்தார்: கோப்பையை எடுக்காமல் கதவருகே சென்றால் பயனில்லை. நெல்லூர்க்காரரான உடன்பணியாளர் கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டுச் சொன்னார்: "டேவ்!"

ஜான் ரொமேரோ 1988-இல் ஆப்பிள் கணினிக்காக எழுதிய 'டேஞ்சரஸ் டேவ்' அது. 1990-இல் சாஃப்ட்டிஸ்க் அதன் டாஸ் வடிவத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும், டேவையே நாயகனாக வைத்து, மாரியோவைப் போலத் திரை நகரும் மாதிரி ஒன்றைச் செய்துகாட்டினர். 1991-இல் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் தோன்ற அதுவே தூண்டுகோல். இந்தியக் கணினி அறைகளுக்கோ டேவ் பெட்டியும் கையேடும் இல்லாமல், பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்குப் படியாகி வந்து சேர்ந்தான்.

மையத்து ஊழியரே ஆட்டத்தைத் தொடங்கிக் கொடுப்பார். உயிர்கள் தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும். ஆகவே தலைப்பு இவர்கள் கண்ணில் பதியவில்லை. பதிந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப வந்த 'கோ த்ரூ த டோர்' என்ற கட்டளை. அதன் முதலிரு சொற்கள் ஒட்டிக்கொண்டு பெயராகிவிட்டன.

மொழியியல் மாணவர்களுக்கு இங்கே கங்காரு நினைவுக்கு வரும். அச்சொல்லுக்கு 'எனக்குத் தெரியாது' என்பதே பொருள் என்ற கதை வெகுகாலம் உலவியது. 1970-களில் கூகு யிமிதிர் மொழியை ஆராய்ந்த ஜான் ஹேவிலண்ட், அது ஒருவகைக் கங்காருவின் உண்மையான பெயரே என்று காட்டினார். ஆஸ்திரேலியாவில் பொய்த்துப்போன கதை வரதய்யபாளையத்தில் மெய்யாகவே நிகழ்ந்திருக்கிறது.

கண்டுபிடித்ததை அக்காவிடம் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. நீ தவறாகப் படித்தாய் என்று சொல்லாமல் இதை எப்படிச் சொல்வது? கடைசியில் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சிரிப்பு.

"கதவுக்குள்ள போன்னா எழுதியிருந்தான்? அது தெரியாமலேதான் போயினு இருந்தோமா? மொத்தம் எத்தன கதவுடா?"

"பத்துக்கா."

"நாம?"

"ஆறு."

"ஞாயித்துக்கெழம அந்த லேப்டாப்ப எடுத்துனு வா."