சுருங்கத் தெரிந்த வியாபாரம்

எங்கள் ஊர் வியாபாரிகள் மாதத்தை முதல் தேதியிலிருந்து எண்ணுவதில்லை, பௌர்ணமியிலிருந்து எண்ணுகிறார்கள். கடை வாடகையோ சீட்டுப் பணமோ பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, எதைக் கேட்டாலும் "பௌர்ணமி போகட்டும், தந்துடறேன்" என்பார்கள். கேட்டவரும் அதை நியாயமான தவணையாக ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுவார். ஊர் திருவண்ணாமலை; மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். நடப்பவர்களுக்குப் பசிக்கும், தாகமெடுக்கும், கால் வலிக்கும். இந்த மூன்றையும் நம்பித்தான் பாதையோரத்து இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் பாதி ஊர் பிழைக்கிறது. குபேர லிங்கத்தில் வரிசை எப்போதும் கொஞ்சம் நீளம். அது ஏனென்று நான் சொல்லத் தேவையில்லை.

அடி அண்ணாமலைப் பக்கம் சுக்கு காபி விற்கும் அக்கா ஒருவரைப் பல வருடங்களாகத் தெரியும். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம், சைக்கிள், ஒரு மடக்கு ஸ்டூல். அவ்வளவுதான் கடை. முதல் நாள் சாயங்காலமே சுக்கைத் தட்டி, கொத்தமல்லி விதையும் மிளகும் வறுத்து, ஏலக்காய் சேர்த்து இடித்து வைத்துவிடுவார். பனைவெல்லத்தைத் தனியாகக் கரைத்துக் காய்ச்சி வடிகட்டுவார். வடிகட்டாமல் போட்டால் மண் அடியில் தங்கிக் குழாயை அடைத்துக்கொள்ளும். கூட்டம் நிற்கிற நேரத்தில் குழாய் அடைத்தால் அன்றைய பாதி வியாபாரம் பக்கத்து டிரம்முக்குப் போய்விடும். பாம்புப் பஞ்சாங்கத்தில் திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று பார்த்த பிறகே சுக்கு வாங்கக் கிளம்புவார்.

"சாயந்தரம் ஆரம்பிச்சா ஒரே ராத்திரிதான் சார், கூட்டம் கொட்டிடும். நடுராத்திரில ஆரம்பிச்சா ஜனம் ரெண்டு ராத்திரியாப் பிரிஞ்சிடும். அப்போ பாதிப் பாதியாத்தான் காய்ச்சணும், இல்லன்னா கசந்துடும்."

மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் அளவைக் குறைப்பார். சித்திரை வெயிலில் அதே டிரம்மில் மோர். சில ஆண்டுகளாக ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிற கூட்டம் பெருகிவிட்டது. ஊரில் பெரிய கடைகள் தெலுங்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தபோதே அக்கா "ரண்டி, ரண்டி, சொண்டி காபி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், "வாங்கிக் குடிக்கிறவங்ககிட்டதான்" என்றார். அதற்கு அவர் பயிற்சி வகுப்பு எதற்கும் போகவில்லை.

நான் இதை இவ்வளவு கவனித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இளமையில் ஒரு பெரிய நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பிஸ்கட், பானம் என்று அன்றாடம் விற்கிற சரக்கு. எந்த மாதம் எந்த ஊருக்கு எத்தனை பெட்டி என்பதைத் தலைமை அலுவலகம் முடிவு செய்யும். போன வருடம் அதே மாதம் விற்றதை வைத்துத்தான் கணக்கு. மற்ற ஊர்களுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இங்கே கார்த்திகை தீபம் ஒரு வருடம் நவம்பரில் வரும், ஒரு வருடம் டிசம்பரில் வரும். அண்மைக் கணக்கைப் பாருங்கள்: 2023இல் நவம்பர் 26, 2024இல் டிசம்பர் 13. போன வருட நவம்பரை நம்பிச் சரக்கை அனுப்பினால், தீபம் இல்லாத மாதத்தில் குடோன் நிரம்பி வழியும்; தீபத்தன்று கடைக்காரர் நம்மைப் பார்த்துக் கையை விரிப்பார். இதை விளக்கி ஒவ்வொரு வருடமும் எழுதுவோம். கடிதம் வேலூருக்குப் போய், சென்னைக்குப் போய், அங்கிருந்து வேறு மாநிலத்துக்குப் போகும். அனுமதி வரும். அதற்குள் மலைமேல் தீபம் எரிந்து முடிந்து கொப்பரையைக் கீழே இறக்கியிருப்பார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. என்னைவிடப் படித்தவர்கள். ஆனால் விஷயம் தெரிந்தவனுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்கு விஷயம் தெரியவில்லை. நடுவில் ஐந்தாறு மேசைகள். அக்காவிடம் அந்த மேசைகள் இல்லை. பார்க்கிற கண்ணும் முடிவெடுக்கிற தலையும் ஊற்றுகிற கையும் ஒரே ஆளுடையவை. சிறு வியாபாரத்தின் அனுகூலம் என்று வாடிக்கையாளர் உறவு, சுதந்திரம், செலவுக் குறைவு என எத்தனையோ சொல்வார்கள். எனக்கு எல்லாம் இந்த ஒன்றிலிருந்து முளைத்தவையாகத்தான் படுகின்றன.

ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் 1937இல் ஒரு கட்டுரையில் எளிமையான கேள்வி ஒன்றைக் கேட்டார்: எல்லாவற்றையும் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாமே, நிறுவனம் என்று ஒன்று எதற்கு? ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தம் போடுவதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தத்தான் என்பது அவர் பதில். கூடவே இன்னொன்றும் சொன்னார். நிறுவனம் வளர வளர உள்ளே நிர்வகிக்கும் செலவும் தவறுகளும் கூடும். ஓர் இடத்தில் அந்த மிச்சத்தை இது விழுங்கிவிடும். பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய மனிதர். எங்கள் குடோனை வந்து பார்த்திருந்தால் கட்டுரையில் ஒரு பக்கம் கூட்டியிருப்பார்.

வேலையை விட்டபின் பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன அச்சகம் போட்டேன். ஒரு மினி ஆப்செட், ஒரு கட்டிங் மெஷின், பைண்டிங்குக்கு ஒரு தம்பி. கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் சிவகாசியில் அடித்தால் மலிவு. அந்த விலையோடு என்னால் மோத முடியாது, மோதவும் இல்லை. எனக்கு வருவது வேறு வேலை. இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டில் இறப்பு. விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஐம்பது வேண்டும். செல்போனில் ஒரு மங்கிய போட்டோ. பெயரன், பெயர்த்தி பெயர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில். அதிலும் ஒரு மருமகன் பெயர் விட்டுப்போயிருக்கும். அதைக் கேட்டுச் சேர்க்கத் தெரிய வேண்டும். சேர்க்காவிட்டால் காரியத்தன்று வீட்டில் சண்டை. ஆயிரம் பிரதிக்குக் குறைந்து எடுக்க மாட்டேன் என்று சொல்லும் அச்சகத்தால் இதைச் செய்ய முடியாது. அன்னதான ரசீதுப் புத்தகம், சங்க நோட்டீஸ், மெஸ்ஸுக்கு டோக்கன் எல்லாம் இந்த ரகம்தான். தொகை சிறிது, அவசரம் பெரிது.

அச்சுத் தொழில் என்றதும் எங்கள் ஊரின் வம்சி புக்ஸைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் அதற்கும் தொழில் தொடர்பு எதுவும் கிடையாது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தள்ளி, ஒரு கோயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு கே.வி. ஷைலஜா நடத்துகிற பதிப்பகம். ஜெயமோகனின் 'அறம்' 2011இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. மனோஜ் குரூரின் மலையாள நாவலைக் கே.வி. ஜெயஸ்ரீ 'நிலம் பூத்து மலர்ந்த நாள்' என்று தமிழாக்கினார். அந்தப் புத்தகமும் இங்கே வந்ததுதான், 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றது. இந்தப் புத்தகம் எத்தனை பிரதி போகும் என்று முதலில் கேட்கிற இடத்தில் இப்படிப்பட்டவை மேசையைத் தாண்டுவது கஷ்டம். படித்தவருக்குப் பிடித்தது, படித்தவரே பதிப்பாளர், வேலை முடிந்தது.

ஆனால் சிறியதாக இருப்பதன் உண்மையான பலம் எனக்குப் புரிந்தது நல்ல காலத்தில் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகக் கிரிவலத்துக்குத் தடை விழுந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பௌர்ணமி வந்தது, போனது, பாதையில் ஆளில்லை. பௌர்ணமியை நம்பிக் கடன் வாங்கி மாடி மேல் மாடி எழுப்பிய விடுதிக்காரர்கள் நிலைமை பரிதாபம். அறை காலியாக இருந்தாலும் வங்கித் தவணை வந்துகொண்டே இருந்தது, குறைந்தபட்ச மின்கட்டணம், காவலாளி சம்பளம், எதையும் நிறுத்த முடியாது. சுக்கு காபி அக்கா டிரம்மைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தெருத் தெருவாகக் கீரை விற்றார். ருத்திராட்ச மாலை விற்றவர் முகக்கவசம் தைக்கக் கொடுத்து வாங்கி விற்றார். ஒரு இட்லிக் கடைக்காரர் குடும்பத்தோடு செங்கம் பக்கம் சொந்த ஊருக்கே போய் மணிலாக் கொட்டை பிடுங்கினார். நான் அச்சகத்தை மூடிவிட்டு வீட்டுத் திண்ணையில் பள்ளிக்கூட நோட்டுக்கு பைண்டிங் போட்டேன். தடை நீங்கியதும் எல்லாரும் அவரவர் இடத்துக்கு வந்து நின்றார்கள்.

பெரிய நிறுவனத்துக்கு வளரத்தான் தெரியும். ஒரு வருடம் வளரவில்லை என்றால் பங்குதாரர்கள் முகம் சுளிப்பார்கள். அடுத்த வருடமும் வளரவில்லை என்றால் ஆளைக் குறைப்பார்கள். அங்கே சுருக்கம் என்றால் யாரோ ஒருவருடைய வேலை. சின்னக் கடை சுருங்கினால் முதலாளியின் வயிறு சுருங்கும், கடை சாகாது. இதைத் தோல்வி என்று யாரும் எழுதி வைப்பதில்லை, பத்திரிகையிலும் வராது.

சிறு தொழிலுக்காக வாதாடியவர் நம்மிடமே ஒருவர் இருந்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காந்தியோடு கிராமக் கைத்தொழில்களுக்குக் கணக்குப் பார்க்கப் போனார். 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிச் சிறையிலிருந்து எழுதினார். அவரை மேற்கோள் காட்டித்தான் ஷூமாக்கர் என்ற ஜெர்மானியர் 1973இல் 'சிறியதே அழகு' என்ற புத்தகத்தில் தம் வாதத்தை வளர்த்தார்; உலகமே படித்தது. தமிழ்நாட்டில் குமரப்பாவைப் படித்தவர்கள் குறைவு, அது நம்முடைய வழக்கம்.

அழகு என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு அக்காவின் கணுக்காலைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சைப் பேச மாட்டார்கள். வீக்கத்தில் கொலுசு இறுகிப்போய் ஒரு கோடாகத் தெரியும். காய்ச்சல் வந்தால் அன்று வருமானம் இல்லை. இருபது பேர் வேலை செய்தால்தான் வருங்கால வைப்பு நிதி, பத்துப் பேர் இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ.; அதற்குக் கீழே உள்ளவர்கள் சாமியை நம்பிக்கொள்ள வேண்டியதுதான். என்னிடம் இருக்கும் பைண்டிங் தம்பிக்கும் இதே கதை. சின்னக் கடையில் முதலாளி நல்லவராக அமைந்தால் சரி. அமையாவிட்டால் முறையிட மேலே ஒருவரும் இல்லை. பெரிய கடைகளும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நாள் முழுக்க நின்றே துணி விரித்துப் போடும் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுங்கள் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு நோய், தண்டல். பத்தாயிரம் கடன் என்று பெயர். கையில் கொடுப்பது 8,500. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. என் பழைய நிறுவனத்துக்கு வங்கிகள் ஒற்றை இலக்க வட்டிக்குப் பணத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றன. 2020 ஜூனில் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்காக ஸ்வநிதி கடன் கொண்டுவந்தது; அப்போது முதல் கடன் பத்தாயிரமாக இருந்தது, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது, 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. வாங்கியவர்களில் தண்டலிலிருந்து தப்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சிறு வியாபாரத்தின் லாபத்தைத் தின்பது எதிர்க்கடைக்காரன் இல்லை, காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் வருபவர்.

அதனால் வேலையை விட்டுவிட்டுக் கடை போடப்போகிறேன் என்று என்னிடம் யோசனை கேட்க வருகிற பிள்ளைகளிடம், தண்டல் வாங்காமல் ஆறு மாதம் வீட்டுச் செலவு ஓடுமா என்று மட்டும் கேட்பேன். ஓடும் என்றால் போடு. அதற்கு மேல் நான் சொல்லி அவர்கள் கற்றுக்கொள்ளப் போவது ஒன்றுமில்லை.

யோசனை சொல்ல வேண்டிய இடம் வேறு. திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பாதை அகலமாகலாம், கடைகளுக்கு இடம் குறிக்கலாம், அழகுபடுத்தலாம். ஊர் பெரிதானால் இவை வரத்தான் வரும். ஆனால் எந்த வளைவில் ஜனம் நிற்கும், எங்கே தண்ணீர் தேங்கும், எந்த லிங்கத்துக்குப் பக்கத்தில் கடை வைத்தால் நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்பதெல்லாம் அங்கே இரவெல்லாம் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மாநகராட்சிக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தக் குழுவின் கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வையுங்கள். இட்லிக் கடைக்காரர்களுக்கு அப்போதுதான் கை ஓயும்.