ஒவ்வொரு ஓசைக்கும் குனிகிறவர்

தியானப் பகுதி: லூக்கா 15:8-10





லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் மூன்று உவமைகளைச் சொல்லுகிறார். காணாமற்போன ஆட்டைப் பற்றியும் இளைய குமாரனைப் பற்றியும் நாம் அடிக்கடி தியானிக்கிறோம். நடுவிலுள்ள பெண்ணை விரைவாகக் கடந்துவிடுகிறோம். அவளிடம் பத்து வெள்ளிக்காசுகள் இருந்தன. ஒரு காசு என்பது ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அதில் ஒன்று காணாமற்போயிற்று. அவள் விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், கண்டுபிடிக்கும் வரைக்கும் தேடுகிறாள். காணாமற்போன ஆடு கத்தும். அந்தச் சத்தம் மேய்ப்பனுக்கு உதவும். மகன் தன் கால்களால் நடந்து வீடு திரும்புவான். காசுக்கோ குரலும் இல்லை, காலும் இல்லை. தேடுகிறவர் குனிந்தாலொழிய அது கிடைக்காது.

இந்தக் குனிதலைச் சற்று நெருக்கமாகப் பார்ப்பதற்கு, இந்த வாரம் உங்களை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே இன்றும் பலர் கையில் மெட்டல் டிடெக்டரை ஏந்தி, காட்டு நிலங்களில் தங்கக் கட்டிகளைத் தேடி நடக்கிறார்கள். 1851ஆம் ஆண்டு அந்த மண்ணில் தங்கம் இருப்பது தெரியவந்தபோது, பல நாடுகளிலிருந்து மக்கள் பல்லாரட், பெண்டிகோ முதலிய இடங்களுக்குத் திரண்டு வந்தார்கள். 1858இல் பல்லாரட்டில் பூமிக்கடியில் ஏறக்குறைய 55 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் தோண்டியவர்கள் ஒரு பெரிய தங்கக் கட்டியைக் கண்டார்கள். அதற்கு 'வெல்கம்' என்று பெயரிட்டார்கள். பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1869 பிப்ரவரி 5ஆம் தேதி, மொலியாகுல் என்னும் சிற்றூரில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்னும் இருவர் அதைவிடவும் பெரிய கட்டியைக் கண்டார்கள். அது எவ்வளவு ஆழத்தில் இருந்தது தெரியுமா? ஒரு மரத்தின் வேரோரம், வெறும் 3 சென்டிமீட்டர் மண்ணுக்கடியில்! அதிலிருந்து கிடைத்த தங்கம் 70 கிலோவுக்கு மேல். அருகிலிருந்த டனோலி ஊரின் தராசு அதைத் தாங்காது என்பதால், கொல்லன் பட்டறைக் கல்லின்மேல் வைத்து உடைத்துத்தான் எடை போட்டார்கள்.

அந்தக் கட்டிக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்'. நம் மொழியில் சொன்னால், 'வருக, அந்நியனே'. விரல் நுனி ஆழத்தில், நடக்கிறவர்களின் காலடியிலேயே கிடந்தது அந்த அந்நியன். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மையே அந்நியனாக நிறுத்திப் பேசுகிற பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயர் நினைவுக்கு வருகிறது. நம் ஆலயத்தின் கடைசி இருக்கை எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது? அங்கே அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இப்பொழுது அந்தக் கருவி எவ்விதம் வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். நீண்ட கைப்பிடியின் முனையில் வட்டமான தட்டு ஒன்று இருக்கும். அதற்குள் சுற்றப்பட்டிருக்கும் கம்பிச் சுருள் மண்ணுக்குள் மின்காந்த அலையைச் செலுத்துகிறது. கீழே உலோகம் இருந்தால், அந்த அலை அதில் மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை எழுப்புகிறது. அந்த மறுமொழியைக் கருவி ஓசையாக மாற்றி, தேடுகிறவரின் ஹெட்போனுக்கு அனுப்புகிறது. பெரிய கட்டியானால் உரத்த ஓசை கேட்கும். ஆனால் சிறியதும் ஆழத்தில் இருப்பதும் அப்படிக் கூவுவதில்லை. ஹெட்போனில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய ரீங்காரம் ஒரு கணம் அசையும், அவ்வளவே. ஆகையால் அனுபவசாலிகள் தட்டை மண்ணோடு ஒட்டினாற்போல் வைத்து, மெதுவாக, ஒரு வீச்சின்மேல் மறுவீச்சு படும்படி நகர்த்துவார்கள். அவசரமாய் நடக்கிறவருக்கு அந்த அசைவு கேட்பதேயில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விக்டோரியாவின் தங்க நிலங்களில் இரும்புத் தாது அதிகம். போதாததற்கு, அங்கே குடியேறி வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற ஆணிகள், ஈயக் குண்டுகள், தோட்டா உறைகள், புட்டி மூடிகள் எல்லாம் மண்ணில் புதைந்து கிடக்கின்றன. இவற்றுக்காகவும் கருவி ஓசை எழுப்பும். எனவே சில கருவிகளில், இரும்பு போலத் தோன்றுவதை ஒதுக்கி மௌனமாக்கும் ஏற்பாடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை இயக்கிவிட்டால் வீண் உழைப்பு குறையும், முதுகு வலிக்காது. ஆனாலும் தங்கம் தேடுவதில் தேர்ந்தவர்கள் அந்த ஏற்பாட்டை நம்புவதில்லை. ஏனெனில் இரும்புத் தாது நிறைந்த மண்ணில் ஆழமாய்க் கிடக்கும் தங்கத்தையும், ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் சிறு தங்கத்தையும் கருவி இரும்பு என்றே எண்ணி மௌனமாகிவிடக்கூடும். ஈயக் குண்டுக்கும் சிறு தங்கக் கட்டிக்கும் எழும் ஓசையோ ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அவர்கள் கைக்கொள்ளும் விதி எளியது: எந்த ஓசை கேட்டாலும் குனி, தோண்டிப் பார்.

பிரியமானவர்களே, நம் உள்ளத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதல்லவா? சேகரக் குழுவில் ஒரு பெயர் வாசிக்கப்படுகிறது. போதை மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பியவர். சிறைத் தண்டனை முடிந்து வந்தவர். மணவாழ்க்கை முறிந்து தனியே நிற்கும் சகோதரி. கடன் வாங்கித் திருப்பித் தராத குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் வாயைத் திறக்கும் முன்னரே நம் உள்ளம் 'இரும்பு' என்று தீர்மானித்துவிடுகிறது. அதன்பின் அவர்கள் எவ்வளவு நேரம் நம் நடுவே நின்றாலும் நமக்கு ஓசையே கேட்பதில்லை. ஆராதனை முடிந்து, ஆசீர்வாதம் பெற்று, யாரும் ஒரு வார்த்தை பேசாமல் வாசலோரம் சற்று நின்று வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சில வாரங்கள் அப்படி வருவார்கள். பிறகு வருவதில்லை. அவர்கள் வராததையும் நாம் கவனிப்பதில்லை.

லூக்கா அந்தப் பெண் தேடின விதத்தைச் சொல்ல, கிரேக்கத்தில் 'எபிமெலோஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். நம் வேதாகமத்தில் 'ஜாக்கிரதையாய்' என்று வாசிக்கிறோம். இதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லை அவர் பத்தாம் அதிகாரத்திலும் எழுதுகிறார். வழியருகே குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான் அல்லவா? அந்தப் பராமரிப்பைக் குறிக்கும் சொல் அதுவே. அப்படியானால் தேடுவதும் பராமரிப்பதும் லூக்காவின் நாவில் ஒரே குடும்பத்துச் சொற்கள். காயத்துக்கு எண்ணெய் வார்க்கும் அதே கவனத்தோடுதான் அந்தப் பெண் தரையைப் பெருக்கினாள்.

"ஐயா, அவர் மறுபடியும் விழுந்துவிட்டால் என்ன செய்வது?" இந்த ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டீர்கள். இது இரக்கமற்ற கேள்வி அல்ல. ஏமாற்றப்பட்டு வருந்தினவர்கள் கேட்கும் கேள்வி. ஆகையால் நேர்மையாகவே பதில் சொல்லுகிறேன். தோண்டப்படும் குழிகளில் பெரும்பாலானவற்றில் தங்கம் இருப்பதில்லை. ஆணியும் ஈயமுமே கிடைக்கும். தங்கம் தேடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடுத்த ஓசைக்குக் குனிகிறார்கள். கிடைத்த ஆணியையும் அவர்கள் அங்கேயே எறிந்துவிடுவதில்லை; பைக்குள் போட்டு எடுத்துச் செல்லுகிறார்கள். இல்லாவிட்டால் அது மறுபடியும் ஓசை எழுப்பி, வருகிறவர்களை வருத்தும். திரும்பி வந்த ஒருவரிடம் அன்றே காணிக்கைப் பெட்டியின் சாவியைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பில் நாம் வைத்திருக்கும் ஒழுங்குகளைத் தளர்த்துங்கள் என்றும் சொல்லவில்லை. விவேகம் வேறு, முன்தீர்ப்பு வேறு. விவேகம் மண்டியிட்டு, மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துப் பேசும். முன்தீர்ப்போ நின்ற இடத்திலிருந்தே பேசிவிட்டுப் போய்விடும்.

விக்டோரியாவில் இப்படித் தேடுவதற்கு 'மைனர்ஸ் ரைட்' என்னும் உரிமச் சீட்டு வேண்டும். 1854இல் பல்லாரட்டில் சுரங்கத் தொழிலாளர்கள், தங்கள்மேல் சுமத்தப்பட்ட உரிமக் கட்டணத்தை எதிர்த்து யுரேகா என்னுமிடத்தில் எழுந்தார்கள். பலர் உயிரிழந்தார்கள். அதன் பயனாக 1855இல் வந்ததே இந்தச் சீட்டு. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் நிபந்தனைகளில் ஒன்று என் உள்ளத்தைத் தொட்டது: தோண்டின குழியை நீயே மூடிவிட்டுச் செல்ல வேண்டும்.

எவ்வளவு நல்ல சட்டம்! நாம் ஒருவருடைய துக்கத்தைக் கேட்கிறோம். அவர் அழுதுகொண்டே தன் கடந்த காலத்தை நம்முன் திறந்து வைக்கிறார். அன்று மாலையே 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் அது நான்கு வீடுகளுக்குப் போய்விடுகிறது. அதுவே மூடாத குழி. தோண்டினவர் மறந்துவிடுவார், மற்றவர்கள் அதில் இடறுவார்கள், அந்த மனிதரோ இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டார். ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை ஆண்டவரிடம் மாத்திரம் கொண்டுபோங்கள். குழியை மூடுங்கள்.

இன்னொரு கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980 செப்டம்பரில் கிங்கோவர் என்னும் ஊரருகே கெவின் ஹில்லியர் என்பவர் மெட்டல் டிடெக்டரால் ஏறக்குறைய 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தோண்டித் தேடின பகுதி அது. கட்டி கிடந்ததோ 30 சென்டிமீட்டர் ஆழத்தில்தான். அதற்கு 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்று பெயர். 'விசுவாசத்தின் கரம்' என்பது பொருள். பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை கொடுத்து அதை வாங்கியது, அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் உள்ள ஒரு சூதாட்ட விடுதி. விசுவாசத்தின் கரம் அங்கே வருகிறவர்களுக்குக் காட்சிப் பொருளாயிற்று.

சபையாகிய நாமும் இந்தக் காரியத்தில் எச்சரிக்கையாய் இருப்போம். திருந்தி வந்த ஒருவரை உடனே மேடையில் ஏற்றி, அவருடைய பழைய பாவங்களையெல்லாம் சொல்ல வைத்து, அதைக் காணொளியாக்கிப் பரப்புவது அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்குச் சமம். அந்தப் பெண்ணோ தோழிகளையும் அண்டை வீட்டாரையும் அழைத்து, தன்னோடுகூடச் சந்தோஷப்படும்படி சொன்னாள். ஒன்பதாய்க் குறைந்திருந்தவை மறுபடியும் பத்தாயின. கண்டெடுக்கப்பட்டவருக்கு மேடை வேண்டியதில்லை. நம் நடுவே ஓர் இடம் போதும். சாட்சி சொல்ல அவரை ஆவியானவர் ஏவுகிற நாள் தானே வரும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தங்கம் தேடுகிறவர்களின் உவமை ஓர் எல்லை வரைக்குமே நம்மோடு வரும். அவர்கள் கையில் ஈயம் கிடைத்தால் அது என்றைக்கும் ஈயமே. நம் தேவனோ நாம் தங்கம் என்பதைக் கண்டு நம்மைத் தேடி வந்தவர் அல்லர். நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 நமக்குக் கற்பிக்கிறது. கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புதுச்சிருஷ்டி என்பதும் நம் விசுவாசம். நம்மில் எவரும் நல்ல ஓசை எழுப்பினதால் கண்டெடுக்கப்படவில்லை. அவர் மிகவும் தாழக் குனிந்தார். மாட்டுத் தொழுவம் வரைக்கும், சிலுவை வரைக்கும், கல்லறை வரைக்கும் குனிந்தார். அப்படித் தேடப்பட்டவர்களாகிய நாம், வேறொருவருக்காகக் குனிய மறுப்பது எவ்விதம்?

வருகிற ஞாயிறன்று ஆசீர்வாதம் முடிந்தவுடன், வழக்கமாய் நீங்கள் நின்று பேசும் நண்பர்களிடம் போகாமல், பெயர் தெரியாத ஒருவரிடம் போங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். எங்கிருந்து வருகிறார் என்று கேளுங்கள். உடனே அறிவுரை சொல்லாதீர்கள், மெதுவாய்க் கேளுங்கள். அடுத்த ஞாயிறு அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். அவர் வராவிட்டால், வீட்டைத் தேடிப் போங்கள்.

ஜெபிப்போம்:

எங்களைத் தேடி வந்த அன்பின் பிதாவே, யாரும் கவனியாத இடத்தில் கிடந்த எங்களைக் கண்டெடுத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். மனிதரைப் பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லும் எங்கள் இருதயத்தை மாற்றும். மெல்லிய குரலையும் கேட்கும் செவிகளையும், மண்டியிடத் தயங்காத முழங்கால்களையும், நம்பிச் சொன்னதைக் காத்துக்கொள்ளும் நாவையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆலய வாசலில் தனியே நிற்கும் பிள்ளைகளை எங்கள் கண்களுக்குக் காண்பியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.